வைத்தியசாலையில் நிர்வாகம் பயின்ற காலம்

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் அலுவலகத்தில் வணிக நிர்வாகப் பயிலுநராக நான் சேர்ந்தபோது, எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் அதை ஒரு படிப்பாக ஏற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலரே. வைத்தியசாலை என்றால் வைத்தியர், தாதி, மருந்தாளர் என்று எண்ணிப் பழகிய எங்களுக்கு, அங்கே கணினிக்கு முன்னால் அமர்ந்து கடிதம் அனுப்புகிறவரும் தொலைபேசி எடுக்கிறவரும் கண்ணில் படுவதே இல்லை. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் போகும் வழி அது என்ற எண்ணமும் கூடவே இருக்கிறது. அந்தப் பயிற்சியை முடித்து அதே சேவையில் தொடர்ந்து வேலை செய்கிறவள் என்ற முறையில், இந்த இரண்டு எண்ணங்களையும் மறுத்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ஒரு நோயாளிக்கு உரிய வேளையில் சிகிச்சை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பல சந்தர்ப்பங்களில், அவர் வைத்தியரின் அறைக்குள் கால் வைப்பதற்கு முன்பே அலுவலகத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த அலுவலக வேலையை முறையாகக் கற்றுத் தரும் ஒரு பயிற்சியை நாம் இலேசாக எண்ணலாகாது.

பயிற்சியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பிஸ்னஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற பெயரில் வழங்கும் இது லெவல் 3 தரத்தைச் சேர்ந்தது. அதாவது இங்கிலாந்தின் ஏ லெவலுக்கு இணையானது. பயிலுநர் என்பவர் முதல் நாளிலிருந்தே வேலை ஒப்பந்தமும் சம்பளமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் உள்ள ஊழியர். படிப்புக்கான கட்டணம் எதையும் அவர் செலுத்துவதில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய பகுதியில் 0.5 சதவீதத்தைப் பயிலுநர் வரியாகக் கட்ட வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்து வைத்தியசாலைகளை நடத்தும் அமைப்புகளான ட்ரஸ்டுகள் அந்த வரியிலிருந்து தப்ப முடியாது. கட்டிய பணத்தைப் பயிற்சிக்கு மட்டுமே திரும்ப எடுக்கலாம் என்பதால், பயிலுநர்களைச் சேர்ப்பதில் அவற்றுக்கு உண்மையான அக்கறை இருக்கிறது. வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, திருமணத்தின் பின் இங்கு வந்து, கடைகளில் காசாளராக நின்ற எனக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு அலுவலக வேலைக்குள் நுழைய இதைவிட நேரான வழி ஒன்று இருக்கவில்லை.

சேர்ந்தவுடன் எவரையும் நோயாளிகளின் பதிவுகளுக்குள் இறக்கிவிடமாட்டார்கள். குற்றப் பின்னணிச் சோதனை, தகவல் பாதுகாப்பு, தீப் பாதுகாப்பு, தொற்றுத் தடுப்பு, பிள்ளைகளையும் நலிவுற்ற பெரியவர்களையும் பாதுகாத்தல் என்று கட்டாயப் பயிற்சிகள் முதலில் வரும். அதன் பிறகு அனுபவமுள்ள ஒரு மெடிக்கல் செக்ரட்டரியின் பக்கத்தில் என்னை அமர்த்தினார்கள். தொலைபேசியில் ஒருவருடன் பேசிக்கொண்டே இன்னொருவரின் கடிதத்தைத் திருத்தும் வல்லமை அவருக்கு இருந்தது. எனினும் ஒரு நோயாளியின் பதிவை மூடும் இடத்தில் மட்டும் அவருடைய கை ஒவ்வொரு முறையும் நின்றது. இந்த நோயாளிக்கு அடுத்து என்ன நடக்க வேண்டும், அதைச் செய்யப் போகிறவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் திரையில் விடை இருந்தால்தான் பதிவை மூடலாம் என்று அவர் எனக்குச் சொன்னார். பயிற்சி நிறுவனத்தின் பாடக்குறிப்புகளில் எத்தனையோ விடயங்களைப் படித்தேன். அந்த இரண்டு கேள்விகளுக்கு நிகராக எனக்குப் பயன்பட்ட பாடம் வேறொன்றும் இல்லை.

அவற்றின் கனம் விளங்கியது நோயாளிகளின் ‘கடிகாரம்’ பற்றிக் கற்ற பிறகுதான். குடும்ப வைத்தியர் ஒருவரின் பரிந்துரை வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்ததும் அந்த நோயாளியின் பெயரில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சிகிச்சை தொடங்கும் நாளிலோ, சிகிச்சை வேண்டியதில்லை என்று முடிவாகும் நாளிலோ, இப்போதைக்குக் கண்காணித்தால் போதும் என்று வைத்தியரும் நோயாளியும் இணங்கும் நாளிலோ அது நிற்கிறது. காத்திருப்போரில் 92 சதவீதத்தினர் 18 வாரங்களுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் தரநிலை. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் பிறகு நாடளாவிய அளவில் அது எட்டப்படவில்லை. 2023 செப்டெம்பரில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த பதிவுகள் 77 இலட்சத்தைத் தாண்டின. 2029 மார்ச்சுக்குள் அந்த 92 சதவீதத்தை மீண்டும் எட்டுவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. செய்திகளில் இந்த எண்களைக் கேட்கும்போது அவை அமைச்சர்களுக்கும் பணிப்பாளர்களுக்கும் உரியவையாகத் தோன்றும். உண்மையில் அவை ஒவ்வொரு கிளினிக்கும் முடிந்தபின், வைத்தியர் குறித்து அனுப்பும் முடிவை ஒரு அலுவலர் கணினியில் பதிவதிலிருந்தே உருவாகின்றன.

இதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முழங்கால் வலியோடு வந்த ஒருவரை வைத்தியர் பரிசோதித்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு வரச் சொல்கிறார். வைத்தியரைக் கண்டாயிற்று என்பதால் காத்திருப்பு முடிந்தது என்றே வேலைக்குப் புதியவர் நினைப்பார். ஆனால் சிகிச்சை எதுவும் தொடங்கவில்லை; கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ‘சிகிச்சை தொடங்கியது’ என்ற குறியீட்டைத் தெரிவு செய்துவிட்டால், திரையில் எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் வராது, எவரும் சத்தம் போடமாட்டார்கள். அந்த மனிதர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார். வீட்டில் அவர் கடிதத்துக்காகக் காத்திருப்பார். இங்கே அவருக்காகக் காத்திருப்பவர் எவரும் இருக்கமாட்டார். திரையில் கீழே விரியும் ஒரு சிறிய குறியீட்டுப் பட்டியலில் ஒரு வரி மேலா கீழா என்பதில் ஒருவருடைய மாதங்கள் தங்கியிருக்கின்றன என்று உணர்ந்த பிறகு, ‘வெறும் டேட்டா என்ட்ரி’ என்ற சொற்றொடரை என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

கடிகாரத்துக்கு வெளியே நிற்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. முதற் சிகிச்சை தொடங்கியபின் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டியவர்களுக்கு அந்த 18 வாரக் கணக்குப் பொருந்தாது. கண் அழுத்த நோயான குளுக்கோமா உள்ளவர்கள் இதற்குத் தெளிவான உதாரணம். அந்த நோயில் இழந்த பார்வை திரும்பி வருவதில்லை. குறித்த இடைவெளியில் பார்த்து மருந்தை மாற்றுவது ஒன்றே பாதுகாப்பு. தொடர் கிளினிக்குகள் தாமதமானதால் பார்வை பறிபோன ஒரு நோயாளியின் நிலையை ஆராய்ந்து, இங்கிலாந்தின் சுகாதாரப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு 2020இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய தாமதங்களால் மாதமொன்றுக்குச் சுமார் 22 பேர் கடுமையான அல்லது நிரந்தரமான பார்வை இழப்புக்கு ஆளாவதாக மதிப்பிடும் ஆய்வை எடுத்துக் காட்டியது. வைத்தியரின் கை தவறியதாலோ மருந்து தவறியதாலோ நேர்வதல்ல இது. கிளினிக்குகளில் இடம் போதாமையும், யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று பிரித்தறியாமையும், தள்ளிப்போன தேதியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாமையும் சேர்ந்து செய்யும் வேலை. இடத்தைக் கூட்டுவது என் போன்றவர்களின் கையில் இல்லை. வைத்தியர் ‘நான்கு மாதத்தில்’ என்று எழுதியதை நான்கு மாதத்தில் கொடுக்க முடியாதபோது, அதை வாய்மூடி ஒன்பதாவது மாதத்தில் போட்டுவிடாமல் அந்த வைத்தியரிடமே திரும்பக் கொண்டுபோய்க் கேட்பது எங்கள் கையில் இருக்கிறது. பயிலுநராக இருந்தபோது நான் தயங்காமல் செய்யக் கற்றுக்கொண்ட செயல் இதுவே.

பெயர்களைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் அங்கே நான் தமிழச்சியாக இருந்ததால் பயன்பட்ட இடம் அது. தேசிய சுகாதார சேவையில் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. அதன் கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம்: முதல் ஒன்பதையும் வரிசையாக 10, 9, 8 என்று 2 வரையுள்ள எண்களால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் அந்த இலக்கம் கிடைக்கும். விடை 11 என்றால் 0 என்று எழுதுவார்கள். 10 என்று வரும் எண்கள் வழங்கப்படுவதே இல்லை. ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் கணினி உடனே மறுத்துவிடும். எண்ணுக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. பெயருக்கு எந்தக் காவலும் இல்லை.

எங்கள் வழக்கப்படி பிள்ளைக்குத் தந்தையின் பெயர் முன்னால் வரும், மனைவிக்குக் கணவனின் பெயர் சேரும். இங்குள்ள படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளோடு நிற்கிறது. அதனால் வரவேற்பு மேசையில் மகளின் முறை வரும்போது அப்பாவின் பெயர் ஒலிக்கிறது, மகள் எழும்புவதில்லை. ஒரே வீட்டில் தாத்தாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதைக் கண்டு, இவர்கள் உறவினர்கள்தானா என்று ஐயப்படுகிறார்கள். திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரோடும் பின்னர் கணவனின் பெயரோடும் பதிந்த பெண்ணுக்கு இரண்டு பதிவுகள் உருவாகி, இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றிலும் வைத்தியரின் கடிதம் மற்றதிலும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பெயர் எவ்வாறு அமைகிறது, சந்தேகம் வந்தால் நோயாளியிடம் எந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே தெளியும் என்று அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி என் மேலாளரிடம் கொடுத்தேன். அது வரவேற்பு மேசைகளுக்கு அனுப்பப்பட்டது. பிறகு சோமாலியரான ஒரு சக ஊழியர் தம் மக்களின் பெயர் முறைக்கு அதேபோல ஒன்றை எழுதினார். இத்தகைய அறிவை எந்தப் பாடநூலும் தருவதில்லை. அலுவலகத்தில் பல ஊர் மனிதர்கள் இருக்கும்போதுதான் அது கிடைக்கிறது.

அதே தமிழ் அடையாளம் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலிலும் தெரிந்த பிறகு, மரியாதைக்குரிய பெரியவர்கள் என்னை நிறுத்திக் கேட்கத் தொடங்கினார்கள். “பிள்ளை, என்ரை அப்பொயின்ட்மென்ட் எப்ப வருமெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?” என்று கேட்பவரின் குரலில் கள்ளம் எதுவும் இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்கும் களைப்பு மட்டுமே இருக்கிறது. ஆனால் வேலைத் தேவை இல்லாமல் எவருடைய பதிவையும், என் பெற்றோருடையதையோ பிள்ளைகளுடையதையோ என்னுடையதையோகூட, திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை. யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்பது கணினியில் பதிவாகிறது. காரணமின்றித் திறந்தவர் வேலையை இழக்கலாம். ‘பாக்க ஏலாது அன்ரி, இந்த நம்பருக்கு எடுத்து இப்பிடிக் கேளுங்கோ’ என்று சொல்லி, எந்தத் துறையை அழைப்பது, கையில் எந்தக் கடிதத்தை வைத்திருப்பது, ஆங்கிலம் தடுக்கினால் மொழிபெயர்ப்பாளரை எப்படிக் கேட்பது என்பதை எழுதிக் கொடுப்பேன். சிலருக்கு மனவருத்தம் வந்தது. இருந்தும் நான் செய்தது சரி என்றே இன்றும் நம்புகிறேன். இன்று அவருக்காக நான் திறந்தால், நாளை அவருடைய பதிவை வேறொருவருக்காகத் திறக்கவும் தயங்கமாட்டேன் அல்லவா?

இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நோயாளித் தகவல்கள் எவ்வாறு கையாளப்பட வேண்டும் என்று ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய மனநல வைத்தியர் ஃபியோனா கால்டிகொட் 1997இல் ஆறு கோட்பாடுகளை வகுத்தார். 2013இல் ஏழாவதும் 2020இல் எட்டாவதும் சேர்ந்தன. அந்த ஏழாவது கோட்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தகவலைக் காப்பது எவ்வளவு முக்கியமோ, நோயாளியின் நன்மைக்காக அதை உரியவருடன் பகிர்வதும் அவ்வளவு முக்கியமாகலாம் என்கிறது அது. பயந்து பயந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் அலுவலர் பாதுகாப்பானவர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். குடும்ப வைத்தியருக்குப் போக வேண்டிய தகவலை அவர் பிடித்து வைத்திருந்தால், அதன் விலையையும் நோயாளிதான் கொடுக்கிறார்.

பயிற்சியின் ஒரு கட்டாயப் பகுதி, வேலையிடத்திலுள்ள ஒரு நடைமுறையைத் தெரிவு செய்து அதை மேம்படுத்துவது. நான் எடுத்தது அப்பொயின்ட்மென்ட் கடிதம். வருவதாக இருந்து வராமற்போனவர்களை அலுவலகத்தில் ‘டி.என்.ஏ.’ (‘டிட் நொட் அட்டெண்ட்’ என்பதன் சுருக்கம்) என்று குறிப்பார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அவர்களிற் சிலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க எனக்கு அனுமதி கிடைத்தது. கடிதம் வந்ததே தெரியாது என்றவர்கள் இருந்தார்கள். கடிதம் வந்தது, ஆனால் எந்தக் கட்டடம் என்று விளங்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள். தேதியை மாற்றுவதற்காகப் பல தடவை அழைத்தும் எவரும் எடுக்கவில்லை என்றவர்கள் என்னை மிகவும் யோசிக்க வைத்தார்கள். கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். முதற் பக்கத்தின் மேற்பாதியில் ட்ரஸ்டின் சின்னமும் முகவரியும் குறியீட்டு எண்களும் இருந்தன. தேதியும் நேரமும் ஒரு நீண்ட பத்திக்கு நடுவே இருந்தன. மாற்றுவதற்கான தொலைபேசி எண் இரண்டாம் பக்கத்தில், வாகனத் தரிப்பிட அறிவிப்புக்குக் கீழே இருந்தது.

மாற்றிய வடிவத்தில் தேதி, நேரம், இடம் மூன்றும் பெரிய எழுத்தில் மேலே வந்தன. அதற்கு அடுத்த வரியிலேயே, வர முடியாவிட்டால் அழைக்க வேண்டிய எண். என்னைப் பொறுத்தவரை, அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை யார் எந்த நேரத்தில் எடுப்பது என்று முறை வகுத்ததுதான் பெரிய மாற்றம். எடுக்க ஆளில்லாத எண்ணை எவ்வளவு பெரிதாக அச்சிட்டும் என்ன பயன்? திட்டமிடு, செய்து பார், விளைவை ஆராய், திருத்திச் செய் என்ற நான்கு படிச் சுழற்சியை இந்தச் சேவையில் எல்லோரும் உச்சரிப்பார்கள். அதன்படி புதிய கடிதத்தை ஒரு கிளினிக்கில் மட்டும் அனுப்பிப் பார்த்து, வரவேற்பு ஊழியர்களின் கருத்தைக் கேட்டு, மறுபடி திருத்திய பின்பே மற்றக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனோம். வைத்தியர்கள் தங்கள் கடிதங்களைக் குடும்ப வைத்தியருக்கு எழுதி நோயாளிக்கு நகல் அனுப்புவதற்குப் பதிலாக, நோயாளிக்கே நேரடியாக, அவருக்கு விளங்கும் நடையில் எழுத வேண்டும் என்று இங்குள்ள வைத்திய நிபுணர்களின் அமைப்புகளான ரோயல் கல்லூரிகளின் பேரவை 2018இல் வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. எங்கள் துறையில் ஒரு வைத்தியர் அவ்வாறு எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய கடிதங்களைத் தட்டச்சுச் செய்யும்போது, ‘உங்கள் சிறுநீரகங்கள் நன்றாக வேலை செய்கின்றன’ என்பது போன்ற ஒரு வரியைக் கண்டால், அதைப் பெறப்போகிறவரின் முகம் என் மனதில் எழும்.

தொலைபேசி வேலையில் எனக்கு மறக்க முடியாதது, கணவரின் அப்பொயின்ட்மென்டை இரத்துச் செய்ய அழைத்த ஒரு மூதாட்டியின் குரல். (நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இக்கட்டுரையில் எழுதவில்லை, சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) காரணத்தைக் கேட்க வேண்டும் என்பது நடைமுறை, கேட்டேன். அவர் கடந்த வாரம் இறந்துவிட்டார் என்றார். அந்த வேளையில் முதலில் செய்ய வேண்டியது விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவது. தட்டும் சத்தம் மறுமுனைக்குக் கேட்கும். துயரத்தைத் தெரிவித்துவிட்டு, இனி எங்களிடமிருந்து அவருடைய பெயருக்குக் கடிதம் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னேன். சொல்வது எளிது. அதைக் காப்பாற்ற, அவருக்கு மற்றத் துறைகளில் இருந்த முன்பதிவுகளையும் வாகன ஏற்பாட்டையும் தேடி இரத்துச் செய்ய வேண்டும்; நிபுணருக்குத் தெரிவிக்க வேண்டும்; குடும்ப வைத்தியர் அறிந்திருக்கிறாரா என்று உறுதிசெய்ய வேண்டும்; அச்சுக்கு அனுப்பப்பட்டுவிட்ட கடிதம் ஏதும் இருந்தால் தடுத்து நிறுத்த வேண்டும். பிற்பகல் முழுவதும் அதற்கே போயிற்று. இறந்தவருக்கு நினைவூட்டல் கடிதம் போய்ச் சேரும் வீட்டை நினைத்துப் பார்த்தால், அந்தப் பிற்பகல் வீண் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். முழுநேரப் பயிலுநருக்கு வாரத்தில் சராசரியாக ஆறு மணி நேரமாவது, வேலைக்குப் புறம்பான கற்றலுக்கு, சம்பளம் பெறும் நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும் என்பது 2022 ஓகஸ்ட் முதல் இருந்த விதி. 2025 ஓகஸ்டிலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்த மணித்தியாலங்களைத் தனித்தனியே வகுத்திருக்கிறார்கள். காகிதத்தில் அது உறுதியானது. ஆனால் வரவேற்பு மேசையில் இருவர் சுகவீன விடுமுறையில் நிற்க, வரிசை வாசலைத் தாண்டும்போது, முதலில் பலியாவது பயிலுநரின் கற்றல் நேரம்தான். நான் முதலில் பணிபுரிந்த அலுவலகத்தில் அது வாரக்கணக்கில் நடந்தது. செய்த வேலைகளுக்கான சான்றுத் தொகுப்பான போர்ட்போலியோவை வீட்டில் பிள்ளைகள் உறங்கிய பின் எழுதினேன். எனக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சியாளர் இடையில் மாறி, புதியவர் வரும்வரை என் கேள்விகளுக்கு விடை சொல்ல ஆளில்லாமலும் இருந்தது. மாற்றம் வந்தது, நான் அந்த மணித்தியாலங்களை மேலாளரின் நாட்காட்டியிலேயே கூட்டம் போலப் பதிந்துவிடக் கேட்டு, அவர் அதற்கு இணங்கிய பிறகுதான். நாட்காட்டியில் இருக்கும் கூட்டத்தை எவரும் எளிதில் கலைப்பதில்லை. பயிலுநரை மலிவான கூடுதற் கையாக நடத்தும் அலுவலகம், பிறகு பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கவில்லை என்று முறையிடுவதில் நியாயமே இல்லை.

சம்பளத்தைப் பற்றிய உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டுப் பயிலுநருக்குச் சட்டப்படி கொடுக்கக்கூடிய ஆகக் குறைந்த கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண், அதே வேளையில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஊழியர்களுக்கு அது 12.21 பவுண். வாடகை கட்டும் ஒரு தாய்க்கு இந்த இடைவெளி சிறிதல்ல. பல ட்ரஸ்டுகள் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்கின்றன. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் தம் சம்பளத்திலேயே நின்று பயிற்சியைச் செய்வதும் உண்டு. ஆகவே பதவியின் பெயரைப் பார்த்து ஒதுங்காமல், விளம்பரத்திலுள்ள தொகையைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் தனியாகச் சித்தியடைய வேண்டும் என்ற நிபந்தனை பயிற்சியைத் தொடங்கும்போது 19 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 பெப்ரவரியில் தளர்த்தப்பட்டது. எங்கள் பெண்களிற் பலரைத் தடுத்து நிறுத்தியது அந்த நிபந்தனைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இறுதி மதிப்பீடு, நான் செய்த காலத்தில், மூன்று பகுதிகளைக் கொண்டிருந்தது: பல்தேர்வு வினாத்தாள், போர்ட்போலியோவை வைத்து ஒரு நேர்காணல், மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிய விளக்கவுரை. வினாத்தாள் படித்தால் வரும். நேர்காணலுக்கு வந்த மதிப்பீட்டாளர் நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாகக் கேட்டார். கூட்டக் குறிப்பு ஒன்றைக் காட்டி, இதில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, யார், எப்போது பரிசீலிப்பார் என்றார். பெயரும் தேதியும் இல்லாத தீர்மானங்களை அடுத்த கூட்டத்துக்கு முன் தொடர்புகொண்டு நிரப்புவதற்காகத் தனிப் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன்; அதைக் காட்டினேன். செக்ரட்டரி எனக்குச் சொன்ன இரண்டு கேள்விகளையே அவரும் வேறு வழியால் கேட்கிறார் என்று அப்போது தோன்றியது. சித்தியடைந்த பின் அதே ட்ரஸ்டில் ஒரு நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பித்து எடுத்தேன். தேசிய சுகாதார சேவையின் சம்பளப் படிகள் 2004இலிருந்து ‘பேண்ட்’ என்ற நிலைகளாக வகுக்கப்பட்டிருப்பதால், அடுத்த படிக்கு என்ன தகுதி வேண்டும் என்பது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வரும் புதிய பயிலுநர்களுடன் நான் அமர்கிறேன். இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் என்னைக் கேட்டால், நேர்முகத் தேர்வின் முடிவில் ‘எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா’ என்று வரும் வேளையைக் கைவிடவேண்டாம் என்பேன். கற்றல் நேரம் வாரத்தின் எந்த நாளில், யாருடைய நாட்காட்டியில் பதியப்படும் என்று கேளுங்கள். ஆளில்லாத நாளில் அந்த நேரத்துக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். வரவேற்பு, கடிதப் பிரிவு, காத்திருப்போர் பட்டியல் ஆகிய மூன்றிலும் இருந்து பழக விடுவார்களா, அல்லது ஒரே மேசையில் இருத்திவிடுவார்களா என்று கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்து கற்றுத் தரப்போகிறவர் யார் என்று கேட்டு, முடிந்தால் அன்றே அவரைச் சந்திக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு பயிற்சியை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அதற்கு உடனே பெயர் சொல்லிப் பதில் தருகிற அலுவலகமாக இருந்தால், தயங்காமல் சேருங்கள்.